இருபத்தெட்டு நாள் வெறுந்தலை

இரண்டாயிரத்து அறுநூறு மயிர்க்கால்களைப் பின்தலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து முன்தலையில் ஊன்ற ஏழு மணி நேரம் ஆகிறதாம். அதற்குப் பிறகு ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் அவரை யார் பார்த்துக்கொள்வார் என்று கேட்கும் வழக்கம் அந்த மருத்துவமனைக்கு இல்லை. என் மருமகனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, முப்பத்துநான்கு ஆண்டுகள் வகுப்பறையில் தலைகளை எண்ணி ஓய்ந்துபோன என்னிடம் வந்து சேர்ந்தது.

மகள் அலுவலகப் பயிற்சிக்காக ஐந்து வாரம் வெளியூர் போக வேண்டியிருந்தது. தொலைபேசியில் அழைத்தாள்.

"அப்பா, அவருக்கு ஒரு சின்ன ஆபரேஷன். நீங்க வந்து கூட இருக்கணும்."

"என்ன ஆபரேஷன்?"

"வந்து பாருங்க. ஆனா எதுவும் கேக்காதீங்க. கூச்சப்படுவார்."

போய்ச் சேர்ந்தேன். கதவைத் திறந்தவருடைய முன்தலை முழுவதும் சிவப்புப் புள்ளிகள். யாரோ சிவப்பு மையால் வரிசை பிசகாமல் குத்திவைத்தாற்போல. "வாங்க மாமா" என்று சொல்லி, என் பெட்டியை வாங்குவதற்காகக் குனிந்தார். முதல் வாரம் குனியவே கூடாது என்பது விதியென அப்போது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். தெரிந்தே குனிந்தார்.

மருத்துவமனை கொடுத்தனுப்பிய தாளைச் சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தார். ஏழு இரவு தலையை உயர்த்திச் சாய்ந்தபடி உறங்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை உப்புநீர் தெளிக்க வேண்டும். குனியலாகாது, வியர்க்கலாகாது, சொறியலாகாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்துகொண்டு தும்ம வேண்டும். இவ்வளவுக்கும் மேலே, 'மறுநாளே வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பலாம்' என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். தும்முவதற்கே விதி வகுத்தவர்களுக்கு அந்த வாக்கியத்தை எழுதக் கை எப்படி வந்ததோ எனக்கு விளங்கவில்லை.

மருமகனுக்கு என்மீது மரியாதை அதிகம். முதல் தொல்லையே அதுதான். நான் கூடத்துக்குள் நுழைந்தால் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார்.

"படுங்க மாப்பிள்ளை."

"பரவாயில்ல மாமா, நீங்க உக்காருங்க."

நான் உட்கார்ந்தால், அவர் காலை மடக்கி முதுகை நிமிர்த்தி, பரீட்சை எழுதுகிறவரைப்போல உட்காருவார். இரண்டு நாள் இப்படியே கழிந்தன. மூன்றாம் நாள் காலையில் அவர் கண்களைப் பார்த்த பிறகுதான், மாமனார் எதிரே காலை நீட்டிச் சாய மனம் ஒப்பாமல் அவர் உறங்காமலே இருந்திருக்கிறார் என்று எனக்கு உறைத்தது. என் நாற்காலியைத் தூக்கி அவருடைய நாற்காலிக்குப் பின்னால் போட்டுக்கொண்டேன். அதன் பிறகு அவருக்கு நான் தெரியவில்லை. எனக்கு அவர் தலை மட்டும் தெரிந்தது. தெளிப்பதற்கும் அதுவே வசதி. கால் மணி நேரத்தில் குறட்டை கேட்டது.

முகம் பார்க்காமல் பேசுவது எங்கள் இருவருக்குமே எளிதாக இருந்தது.

"ஒண்ணு கேக்கலாமா மாப்பிள்ளை?"

"கேக்காதீங்கன்னு அவ சொல்லியிருப்பாளே."

"சொன்னா."

"அப்ப கேளுங்க."

"பொழுதுக்கும் ஹெல்மெட்டுக்குள்ள இருக்கிற தலை. இதுக்கு முடி எதுக்கு?"

அவர் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பும் இடத்தில் பாதுகாப்பு அதிகாரி. பன்னிரண்டு ஆண்டுகளாக இதே வேலை. தளத்துக்குள் தலைக்கவசம் இல்லாமல் ஓர் ஆள் நடமாடினாலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

"அந்த ஹெல்மெட்டாலதான் மாமா" என்றார். "போடுங்கன்னு சொன்னா என் தலையைக் காட்டுறாங்க. போட்டா இப்படி ஆயிடும்னு. எனக்குப் பல்பு சார்னு பேரு. பேரு இருந்துட்டுப் போகட்டும். ஆனா ஒருத்தன்கூட மனசாரப் போட மாட்டேங்கறான். கேட்டைத் தாண்டற வரைக்கும் தலையில இருக்கும். மேல போனதும் இடுப்புல தொங்கும்."

"கண்டிக்கக் கூடாதா?"

"கண்டிச்சாச்சு. கம்பி கட்டுறவங்கள்ல ஒருத்தன் இருக்கான். ஷாம்புன்னு கூப்பிடுவாங்க. தோள் வரைக்கும் முடி. ரெண்டு மாசம் முன்னாடி அஞ்சாவது மாடிச் சாரத்துலேர்ந்து ஒரு இரும்பு கிளாம்ப் கழண்டு விழுந்துச்சு. ஒரு கிலோ இருக்கும். அவன் தலைக்கும் அதுக்கும் ஒரு சாண். நான் பார்த்துக்கிட்டே நிக்கிறேன். அவன் திரும்பிப் பார்த்துட்டு, முடியை ஒதுக்கிவிட்டுட்டு, சிரிக்கிறான். அப்பவும் எடுத்துப் போடல."

பிறகு திட்டத்தைச் சொன்னார். ஒரு வருடத்தில் முடி முழுவதும் வளர்ந்துவிடும். தலைக்கவசம் போட்ட தலையிலேயே முடி வந்திருக்கிறது பாருங்கள் என்று எல்லாருக்கும் காட்டிவிடலாம்.

"நட்டதுன்னு சொல்ல மாட்டீங்க."

"சொன்னா எடுபடாதே மாமா."

"அது பொய்யாச்சே மாப்பிள்ளை."

"பொய்தான். அடுத்த கிளாம்ப் ஒரு சாண் தள்ளியே விழும்னு யாரு சொன்னா?"

தெளிப்பானைத் தேவைக்கு மேல் அழுத்திவிட்டேன். நீர் அவர் காதுக்குள் வழிந்தது. துடைத்துவிட்டேன்.

நான்காம் நாள் நெற்றி வீங்கியது. ஐந்தாம் நாள் அந்த வீக்கம் கண்களுக்கு இறங்கி, மூக்கு எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியதாயிற்று. கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "யாரு மாமா இது?" என்றார். தானே வடியும் என்று தாளில் இருந்தது, வடிந்தது. தினமும் நுரையை உள்ளங்கையில் ஏந்தி, தேய்க்காமல் ஒற்றி, குவளையால் நீரைச் சரியவிட்டுக் கழுவினேன். என் மகளுக்குக்கூட நான் தலை குளிப்பாட்டியதில்லை. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க மாமா" என்று மூன்று முறை சொன்னார்.

அரிப்புத்தான் தாங்க முடியாததாக இருந்தது. பொருக்குத் தட்டிய தலை பகலெல்லாம் அரித்தது. அவர் கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடப்பார். வியர்த்துவிடும் என்று நினைவு வந்ததும் நின்றுவிடுவார். நின்றால் கை தானாக மேலே போகும். கடைசியில் வேலைப் பையிலிருந்து தடித்த தோல் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டார். அவற்றோடு தேநீர் குடித்தார், செய்தித்தாள் புரட்ட முயன்றார், தொலைபேசியில் என் மகளிடம் பேசினார். அவள் காணொளி அழைப்பில் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, வீட்ல வெல்டிங் நடக்குதா?" என்று கேட்டாள்.

பத்தாம் நாள் பொருக்குகள் உதிர்ந்தன. மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் விளக்கை அருகே இழுத்துப் பார்த்தார்.

"அருமையா பிடிச்சிருக்கு. வேலைக்குப் போகலாம். என்ன வேலை பார்க்கறீங்க?"

தலையை ஏழு மணி நேரம் குத்திப் பத்து நாள் ஆன பிறகு கேட்கிற கேள்வியா இது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருமகன் பதில் சொன்னார். மருத்துவர் விளக்கைத் தள்ளிவைத்தார்.

"கெட்டி ஹெல்மெட்டா? நாள் முழுக்கவா? கூடவே கூடாது. இருபத்தெட்டு நாள் ஆகட்டும். அழுத்தம், உராய்வு, வியர்வை எல்லாம் சேர்ந்தா புண்ணாகும், நட்டது வீணாப் போகும். அப்புறம் இன்னொண்ணு. மூணாவது வாரத்துல இந்த முடியெல்லாம் கொட்டும். பயந்துடாதீங்க. வேர் உள்ளேயே இருக்கும். மூணு நாலு மாசத்துல புதுசா முளைக்கும்."

பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பதினஞ்சாம் நாள் எட்டாவது மாடித் தளம் போடறாங்க. நாப்பது பேர் மேல நிப்பாங்க. நான் இல்லாம கான்கிரீட் போடக் கூடாதுன்னு நானே எழுதி வெச்சிருக்கேன்."

"ஹெல்மெட் விஷயத்தை முதல்லயே டாக்டர்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டா வேண்டாம்னுடுவாங்களோன்னு கேக்கல."

பன்னிரண்டு ஆண்டுகளாக ஊரார் தலையையெல்லாம் காத்தவர், தம் தலையைப் பற்றிய ஒரே கேள்வியைக் கேட்காமல் விட்டிருக்கிறார். திட்டத்தான் வாயெடுத்தேன். மருமகனாயிற்றே என்று விழுங்கிக்கொண்டேன்.

பதினைந்தாம் நாள் காலையில், தொளதொளத்த துணித்தொப்பி ஒன்றை அணிந்து, தலைக்கவசத்தைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். வெயில் படக் கூடாது என்பதால் குடையோடு நானும் போனேன். மகள் கட்டளை.

"போட்டுக்கிட்டு உள்ள போயிடறேன் மாமா" என்று வழியெல்லாம் சொன்னார். "போனா போகட்டும். மயிர்தானே."

தளத்தின் வாயிலில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் ஷாம்பு. மருமகன் சொன்னது மிகையில்லை. அந்த இளைஞனின் முடி எண்ணெய் மினுங்கத் தோளில் புரண்டது. தலைக்கவசம் இடுப்பில் தொங்கியது.

வாயிற்காவலர் வணக்கம் வைத்துவிட்டுக் கையைக் குறுக்கே நீட்டினார். "ஹெல்மெட் சார்."

"பையில இருக்கு."

"தலையில இருக்கணும் சார். முதலாளியே வந்தாலும் விடாதேன்னு நீங்கதான் சொன்னீங்க."

"அப்படிக் கேளுண்ணே" என்றான் ஷாம்பு. வரிசையில் சிரிப்பு எழுந்தது.

மருமகன் தலைக்கவசத்தை எடுத்தார். உள்ளே இருந்த பட்டையைக் கடைசி ஓட்டை வரைக்கும் தளர்த்தினார். தொப்பியைக் கழற்றாமல் அதன்மேல் வைக்கப் பார்த்தார், உட்காரவில்லை. கழற்றினால் எல்லாரும் பார்ப்பார்கள். நாற்பது ஜோடிக் கண்கள் அவர்மீதே இருந்தன. கவசத்தைத் தலைக்கு மேல் இரண்டு விரல்கடை உயரத்தில் பிடித்தபடி நின்றார். கை இறங்கவில்லை. பிறகு அதை என்னிடம் கொடுத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

சிரிப்பு நின்றது.

"முடி நட்டிருக்கேன்" என்றார். "பின்னாடியிருந்து எடுத்து முன்னாடி. இருபத்தெட்டு நாளைக்கு ஹெல்மெட் போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஹெல்மெட் இல்லாம உள்ள வரக் கூடாது. அதனால நான் உள்ள வர மாட்டேன். இங்கேயே உக்காருவேன்."

அவர் பொய்யைக் கைவிட்டதில் எனக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த நிறைவு அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை.

"பார்த்தீங்களா" என்று ஷாம்பு வரிசையைத் திரும்பிப் பார்த்தான். "ஹெல்மெட் போட்டதுக்கு ஆபரேஷன் வரைக்கும் போயிருக்கார் பாவம். நமக்கு அந்த வசதி ஏது?"

"ஒவ்வொண்ணா நட்டாங்களா சார்?" என்று வேறொருவர் கேட்டார்.

"நாத்து நடற மாதிரியா?"

"களை எடுக்கவும் ஆள் வருவாங்களா?"

வரிசை சிரித்துக்கொண்டே உள்ளே போனது. கவசங்கள் வாயிலைத் தாண்டும் வரைக்கும் தலைகளில் இருந்தன.

வாயிலுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து அவர் அன்றைய வேலையைப் பார்த்தார். உதவிப் பொறியாளர் எட்டாவது மாடியில் கைபேசியைத் திருப்பித் திருப்பிக் காட்ட, இவர் சாரத்தின் ஒவ்வொரு இணைப்பையும் காட்டச் சொல்லிப் பார்த்தார். பின்னால் நின்று நான் குடை பிடித்தேன். சிறிய திரையில் கம்பிகளுக்கிடையே அசையும் ஆட்களை எண்ணினேன். இருபத்தாறு தலைகள் வெறுமையாக இருந்தன.

"அவங்களைப் போடச் சொல்லுங்க" என்றார் மருமகன்.

"சொல்லிட்டேன் சார். நீங்க போடலையேங்கறாங்க" என்றது கைபேசி.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார், உட்கார்ந்தார், மீண்டும் எழுந்தார். கை தலைவரை போய்த் திரும்பியது. தளம் போட்டு முடிகிறவரைக்கும் அவர் தேநீரைக்கூடத் தொடவில்லை. மேலேயிருந்து எது விழுந்தாலும் அந்தச் சத்தம் முதலில் அவர் காதில்தான் விழுந்தது. பலகை ஒன்று சாய்ந்தால் நாற்காலியின் கையைப் பற்றினார். வாளி உருண்டால் எழுந்து நின்றார்.

இப்படி ஒரு வாரம். உண்மையைச் சொன்னதால் நிலைமை மோசமாகியிருந்தது. முன்பு தலைக்கவசம் முடியைத் தின்னும் என்பது அவர்களுக்குச் சந்தேகம். இப்போது அதற்கு மருத்துவச் சான்றே கிடைத்துவிட்டதாக நினைத்தார்கள். நானும் ஒரு நாள் வரிசையின் முன் நின்று தெளிவாக, வரிசைக்கிரமமாக விளக்கிப் பார்த்தேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். "பெரியவர் நல்லாப் பேசறார்" என்றான் ஷாம்பு. கவசம் இடுப்பிலேயே இருந்தது.

இருபத்தோராம் நாள் காலையில் தலை கழுவும்போது என் உள்ளங்கையில் முடி வந்தது. ஒன்றிரண்டு அல்ல, நுரையெல்லாம் கறுத்துவிட்டது. மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்தான். இருந்தாலும் என் கைதான் அழுத்திவிட்டதோ என்று நீரை நிறுத்தினேன்.

"கொட்டுதா மாமா?"

"கொட்டுது."

"எவ்ளோ?"

"நிறைய."

"சரி, ஊத்துங்க" என்றார்.

வாயிலில் அமர்ந்தபோதும் அது நிற்கவில்லை. வெள்ளைச் சட்டையின் தோளிலும், மடியில் விரித்திருந்த வருகைப் பதிவேட்டிலும் குட்டைக் குட்டை முடிகள் கிடந்தன. அவர் ஊதிவிட்டார், மறுபடியும் விழுந்தன. கையெழுத்துப் போடக் குனிந்த ஷாம்பு அதைப் பார்த்தான்.

"சார், தோள்ல பாருங்க. கொட்டுது."

"தெரியும்."

"மூணு வாரமா நீங்க ஹெல்மெட்டே போடலையே சார்."

"போடல."

ஷாம்பு நிமிர்ந்து வரிசையைப் பார்த்தான். வரிசை இவர் தலையைப் பார்த்தது. பின்னால் நின்ற கொத்தனார், "அப்ப காரணம் ஹெல்மெட் இல்லையாடா?" என்றார். எவரும் மறுக்கவில்லை. ஒருவர் தம் கவசத்தைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு, மறுபடியும் போட்டுக்கொண்டார்.

தவறான வழியில் சரியான விடைக்கு வந்த மாணவனுக்கு ஒருநாளும் முழு மதிப்பெண் போடாதவன் நான். அன்று மருமகன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று ஏங்கினேன்.

அவர் பதிவேட்டை மூடினார்.

"இல்லப்பா. இத வெச்சு அப்படிச் சொல்லக் கூடாது. நட்ட முடி மூணாவது வாரத்துல கொட்டத்தான் செய்யும். டாக்டர் முன்னாடியே சொன்னது. நாலு மாசத்துல வேற முளைக்கும். இதுக்கும் ஹெல்மெட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

நான் குடையை மடக்கினேன். தானாகக் கையில் வந்து விழுந்த வெற்றியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாரே மனிதர் என்று எரிச்சலாக வந்தது.

"அப்ப முதல்ல இருந்த முடி எதனால போச்சு?" என்றான் ஷாம்பு. அவன் கேலியாகக் கேட்கவில்லை.

"எங்கப்பாவுக்கு முப்பத்தஞ்சுலயே போயிடுச்சு. அவர் தையற்காரர். ஹெல்மெட்டைக் கையால தொட்டதில்ல. எனக்கு முப்பத்திமூணுல போச்சு. அவ்வளவுதான்."

ஷாம்பு பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"உங்கப்பாவுக்கு எப்படி?" என்றார் மருமகன்.

கொத்தனார் முந்திக்கொண்டார். "இவங்கப்பாவா? பஸ் கண்டக்டர். தலையில விசில் வெச்சா வழுக்கிட்டுப் போகும்."

"எத்தனை வயசுல?"

"கல்யாண போட்டோவுலயே முடி இல்ல சார்" என்றான் ஷாம்பு.

இந்தமுறை வரிசை சத்தமாகச் சிரிக்கவில்லை. ஒருவர் அவன் முதுகைத் தட்டினார். அவன் கை தோளுக்குப் போய், முடியைக் கொத்தாகப் பிடித்து, முனையை உற்றுப் பார்த்தது.

"எனக்கு இருபத்தேழு" என்றான்.

"போகாமலும் இருக்கலாம்பா. எல்லாருக்கும் அப்பா மாதிரியே வராது."

"ஆனா போனா, இதைப் போட்டாலும் போகும், போடாட்டியும் போகும்."

"ஆமா."

ஷாம்பு பதிவேட்டில் கையெழுத்துப் போட்டான். முடியைச் சுருட்டிக் கழுத்துப் பக்கம் ஒதுக்கினான். இடுப்பிலிருந்த கவசத்தை எடுத்துத் தலையில் வைத்து, இதுவரை யாரும் அவன் தாடைக்குக் கீழே பார்த்திராத பட்டையை மாட்டிக்கொண்டான்.

"மூச்சு முட்டுது சார்."

"பழகிடும்."

"நீங்க பழகி என்ன ஆச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

பத்து மணிக்கு உதவிப் பொறியாளரின் கைபேசி எட்டாவது மாடியின் மேலே சுற்றியது. நான் எண்ணினேன். ஐந்து தலைகள் வெறுமையாக இருந்தன. கவசத்துக்குக் கீழே முடி புரளும் முதுகு ஒன்று கம்பிமேல் குனிந்திருந்தது. அது நிமிர்ந்தது. ஒரு விரலைக் கவசத்துக்குள் விட்டு நெடுநேரம் சொறிந்தது. கழற்றப்போகிறான் என்று நினைத்தேன். மருமகனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல் வெளியே வந்தது. ஷாம்பு அடுத்த கம்பிக்கு நகர்ந்தான்.

மருமகன் கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். நாற்காலிக்கும் வாயிலுக்கும் இடையே நடக்கத் தொடங்கினார்.

"உக்காருங்க மாப்பிள்ளை. போட்டுட்டானே."

"இன்னும் ஏழு மணி நேரம் இருக்கு மாமா" என்று அண்ணாந்து பார்த்தபடியே சொன்னார். "அந்த அஞ்சு பேரு யாருன்னு கிட்டக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்க."